‘ஸ்னீக்’ என்ற சொல்லுக்குத் ‘திருட்டுத்தனம்’ போதுமா?

வைகை வடகரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மதுரை ஆழ்வார்புரத்தில் இருந்துகொண்டு, சிறுவர் இதழ் ஒன்றுக்காக ஆங்கிலக் கதைகளை மொழிபெயர்த்துக் கொடுத்து வருகிறேன். இப்போது கையில் இருப்பது இங்கிலாந்தின் விடுதிப் பள்ளி ஒன்றில் நடக்கும் கதை. பதினெட்டுப் பக்கம்தான், ஆனால் அதற்குள் ‘ஸ்னீக்’ என்ற சொல் வினையாகவும் பெயராகவும் அடைமொழியாகவும் ஒன்பது இடங்களில் வந்து நிற்கிறது. முதல் வரைவில் ஒன்பது இடங்களிலும் ‘திருட்டுத்தனமாக’ என்றோ ‘திருட்டு’ என்றோ போட்டு அனுப்பிவிட்டேன். மெய்ப்புப் பார்த்தவர் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார்: ‘இந்தக் கதையில் எதுவுமே திருடு போகவில்லையே?’

அவர் கேட்டது நியாயம்தான் என்று மறுபடி படித்தபோது தோன்றியது. பையன் ஒருவன் நள்ளிரவில் சமையலறைக்குள் போகிறான். பூனை ஒன்று குருவிக்குப் பின்னால் வருகிறது. ஆசிரியை ஒருவர் மேசைமேல் பிரித்துக் கிடக்கும் கடிதத்தை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார். தலைமையாசிரியருக்கு ஒரு சந்தேகம் எழுகிறது; அந்தச் சந்தேகத்துக்கும் இதே சொல்தான் அடைமொழி. எல்லாவற்றையும்விட என்னை வெட்கப்பட வைத்தது நடுப்பகுதியில் வரும் காட்சி. ஒரு சிறுவனைச் சுற்றி நின்று மற்றப் பையன்கள் ‘ஸ்னீக்! ஸ்னீக்!’ என்று கூவுகிறார்கள். நான் அதைத் ‘திருடன்! திருடன்!’ என்று எழுதியிருக்கிறேன். அவன் எதையும் எடுக்கவில்லை. பிறகு எதற்காகக் கூவுகிறார்கள் என்பதே எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு சிறிய ஐயமும் உண்டு. கதைக்குள் இறந்தகாலம் ‘ஸ்னீக்ட்’ என்று வருகிறது. முன்னுரை எழுதிய அமெரிக்கரோ ‘ஸ்னக்’ என்று எழுதுகிறார். இரண்டில் எது பிழை? இந்தச் சொல்லின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது பிரித்துக் காட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மேலூர் ஓய்வாசிரியர்

அம்மா, இலக்கணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது சின்ன விஷயம். முறையான இறந்தகாலம் ‘ஸ்னீக்ட்’. ‘ஸ்னக்’ என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் கிளம்பியது. நெடுங்காலம் படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். இன்று அமெரிக்க அகராதிகள் இரண்டுக்கும் இடம் கொடுக்கின்றன. ஆங்கிலத்தில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறு. ‘ஹெல்ப்’ என்ற வினைக்கு முன்பு ‘ஹோல்ப்’ என்றொரு இறந்தகாலம் இருந்து, அது தேய்ந்து ‘ஹெல்ப்ட்’ என்று ஒழுங்குக்குள் வந்து சேர்ந்தது. ‘ஸ்னீக்’ ஒழுங்காக இருந்துவிட்டு ஒழுங்கு தவறிய சொல். ‘லீக்’ என்பது ‘லக்’ ஆகவில்லை, ‘பீக்’ என்பது ‘பக்’ ஆகவில்லை. இது மட்டும் இலக்கண வாத்தியார்கள் அசந்த நேரத்தில் வேலி தாண்டிவிட்டது. ஆகவே உங்கள் முன்னுரையாசிரியர் செய்தது பிழை அன்று. தமிழாக்கத்தில் இந்தச் சிக்கல் எழப்போவதும் இல்லை. தேர்வு எழுதும் பிள்ளைகள் இதைப் படித்தால் மட்டும் ‘ஸ்னீக்ட்’ என்றே எழுதட்டும். திருத்துகிறவரோடு வழக்காட அவர்களுக்கு நேரம் இருக்காது.

அந்தச் சிறுவனின் விஷயத்துக்கு வருகிறேன். பிரிட்டிஷ் பள்ளிப் பேச்சில் ‘ஸ்னீக்’ என்பவன், கூடப் படிப்பவன் செய்த குற்றத்தை ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிடுகிறவன். நம்மிடம் இதற்குச் சொற்பஞ்சமே இல்லை: கோள்மூட்டி, போட்டுக்கொடுக்கிறவன், மதுரைப் பக்கத்துப் பேச்சில் வத்தி வைக்கிறவன்.

நான் மூன்றாண்டுக் காலம் ஒரு பள்ளியின் விடுதிக் காப்பாளராக இருந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு நான்கு பையன்கள் பின்சுவர் ஏறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் பார்க்கப் போய்விட்டார்கள். பத்தரை மணிக்கு ஐந்தாவது பையன் ஒருவன், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வராந்தாவின் சுவரோரமாகவே வந்து என் கதவை நகத்தால் சுரண்டினான். தட்டவில்லை, சுரண்டினான். ‘ஐயா, நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்’ என்றுதான் தொடங்கினான். ஆங்கிலத்தில் எழுதினால் அந்த நால்வர் செய்ததும் ‘ஸ்னீக்’, இவன் செய்ததும் ‘ஸ்னீக்’. வெளியே போனவனுக்கும் உள்ளே வந்து சொன்னவனுக்கும் ஒரே சொல்லைப் போட்டிருக்கிறார்கள். ஆனால் விடுதி அந்த இருவகையையும் ஒன்றாக எடைபோடவில்லை. சுவரேறியவர்களுக்குத் திங்கட்கிழமை முட்டிபோடும் தண்டனையோடு முடிந்தது. ஐந்தாமவனின் பக்கத்தில் உட்கார்ந்து அரையாண்டு வரைக்கும் ஒருவரும் சாப்பிடவில்லை. உங்கள் கதையில் வரும் கூக்குரல் அந்த வகையைச் சேர்ந்தது.

சொல்லின் பிறப்பையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இது பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆங்கில எழுத்தில் தலைகாட்டுகிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ஊர்தல்’ என்ற பொருளில் ஏறத்தாழ இதே ஒலியுடைய வினை ஒன்று இருந்தது. அதிலிருந்து இது வந்திருக்கலாம் என்பார்கள், ஆனால் இடையில் சில நூற்றாண்டுகளுக்குச் சங்கிலி அறுந்து கிடக்கிறது. பாம்புக்குரிய ‘ஸ்னேக்’ என்ற ஆங்கிலச் சொல்லும் ஊர்தலைக் குறித்த வேரிலிருந்து பிறந்ததே. ஆக, இந்தச் சொல்லின் பிறவியில் திருட்டு இல்லை. வயிறு தரையில் படும்படி ஊர்வதுதான் இருக்கிறது.

இன்று கடைவீதியில் விற்கும் ‘ஸ்னீக்கர்ஸ்’ காலணியும் இதே குடும்பம். தோலடிக் காலணி பலகைத் தரையில் எழுப்புகிற ஓசையை ரப்பர் அடி எழுப்பாது. டென்னிஸ் காலணிக்கு அமெரிக்கப் பள்ளிப் பையன்கள் வைத்த பெயர் இது என்றும், அதன் பொருத்தம் வாத்தியாருக்குத்தான் முழுதாக விளங்கும் என்றும் 1887-லேயே அங்கே ஒரு கல்வி இதழில் அச்சாகியிருக்கிறது. (சாக்லேட்டின் பெயர் ‘ஸ்னிக்கர்ஸ்’, அது வேறு. அந்தக் கம்பெனிக் குடும்பத்தார் வளர்த்த குதிரையின் பெயர் அது. ஆண்டுதோறும் ஒரு மாணவனாவது இரண்டையும் ஒன்றாக்கி விடைத்தாளில் எழுதிவிடுவான்.)

செல்லூர்த் தறிவீடு

ஐயா எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும் திருட்டை முற்றாகத் தள்ளிவிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அதற்கு முன், பூனை வரும் இடத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு.

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு அயிரை மீன் வரும். அயிரை சுண்டுவிரல் நீளம்கூட இராது. அதை வெட்டுவது கிடையாது. உயிரோடு வாங்கிவந்து, வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கட்டும் என்று பாலில் விட்டுவைத்து, பிறகு மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி உரசி அலச வேண்டும். அம்மா கொல்லைப்படியில் உட்கார்ந்து அதைச் செய்வார். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் ஒரு சாம்பல்நிறப் பூனை இருக்கும். அம்மா சட்டியைப் பார்த்துக் குனிந்தால் பூனை ஓரடி முன்னால் வரும். வயிறு தரையை ஒட்டியிருக்கும், தோள்பட்டை எலும்பு இரண்டும் மாறி மாறி ஏறி இறங்கும், வால் மட்டும் நுனியில் துடிக்கும். அம்மா தலையைத் தூக்கினாலோ அது அந்தக் கணமே உட்கார்ந்து, முகத்தை வேறு பக்கம் திருப்பி, முன்னங்காலை நக்கத் தொடங்கிவிடும். மீனையே அறியாத சைவப் பூனைபோல. மறுபடி அம்மா குனிவார், மறுபடி ஓரடி. தறியில் உட்கார்ந்தபடி கதவிடுக்கு வழியாக நான் இதை முழுக்கப் பார்த்திருக்கிறேன். கடைசியில் படியோரத்தில் கிடந்த மீனைக் கவ்விக்கொண்டு ஒரே ஓட்டம்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் ‘பம்மிப் பம்மி வருவது’. ‘பதுங்கி’ என்று எழுதத் தோன்றும். எனக்கு அது பொருந்துவதாகப் படவில்லை. பதுங்குவது பெரும்பாலும் நின்ற இடத்தில் நடப்பது. கல்லுக்குப் பின்னால் பூனை காத்திருந்ததே, அது பதுங்கல். பம்முவது நகர்ந்துகொண்டே செய்வது. அதுவும் பார்க்கிறவரின் கண்ணுக்குத் தாளம் போட்டுக்கொண்டே நகர்வது. அம்மாவின் தலை எப்போது குனிகிறதோ அப்போது பூனையின் கால் எழுகிறது. ஆங்கிலச் சொல்லின் உயிரும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். யாருமே இல்லாத கொல்லையில் எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அது ‘ஸ்னீக்’ ஆகாது. கண்ணோ காதோ ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும், அதற்குத் தப்ப வேண்டும். சகோதரி ஒன்பது இடங்களிலும் ‘இங்கே யாருடைய கண்ணுக்குத் தப்புகிறார்கள், எப்படித் தப்புகிறார்கள்’ என்று கேட்டுக்கொண்டால் வினை தானாக வந்து விழும். கண்ணுக்குத் தப்பி வெளியே போனால் ‘நழுவினான்’. காதுக்குத் தப்பி உள்ளே வந்தால் ‘அரவமில்லாமல் நுழைந்தான்’. கூட்டத்தின் பரபரப்பைப் பயன்படுத்திக்கொண்டால் ‘சந்தடி சாக்கில்’. வாய் திறக்காமல் காரியத்தை முடித்தால் ‘கமுக்கமாக’. கமுக்கம் என்பது நடையைவிட வாயைச் சேர்ந்தது, அண்டை வீட்டுக்குத் தெரியாமல் நிலம் வாங்கிப் பத்திரம் முடிப்பவர் கமுக்கமானவர், அவர் பூனைநடை நடக்க வேண்டியதில்லை. ‘நைசாக’ என்பது இன்னும் வேடிக்கை. மாவை நைசாக அரை என்கிற அதே சொல்தான், உரசல் இல்லாமல் காரியம் ஆனதைச் சொல்லப் போகிறது. ஆங்கிலத்தில் நல்லவனுக்குச் சொல்கிற ‘நைஸ்’ நம்மிடம் வந்து நழுவுகிறவனுக்கு உரியதாகிவிட்டது.

இனி திருட்டு. ‘திருட்டு ரயில் ஏறி வந்தவன்’ என்று சொல்லும்போது ரயிலை யாரும் களவாடவில்லை. சீட்டு எடுக்கவில்லை, அவ்வளவுதான். மாடியில் நின்று ‘திருட்டு தம்’ அடிப்பவன் சிகரெட்டைத் தன் காசில்தான் வாங்கியிருப்பான். ‘திருட்டு முழி’ முழிப்பவனிடம் எந்தப் பொருளும் இராது. தமிழில் இந்த அடைமொழிக்கு ‘கேட்க வேண்டியவரைக் கேட்காமல்’ என்ற பொருள் ஏறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆகவே நள்ளிரவுச் சமையலறைக்குத் ‘திருட்டுத்தனமாக’ என்று நீங்கள் முதலில் எழுதியதை அடிக்க வேண்டாம். பென்சில் பிடித்தவர் எல்லா இடங்களுக்கும் ஒரே கோட்டை இழுத்துவிட்டார் என்பது என் எண்ணம்.

வசன மேசை

நான் படங்களுக்குத் தமிழ்த் துணைவசனம் எழுதுகிறவள். இரண்டு வரிக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டாயத்தில் வேலை செய்வதால் மேலே ஐயாவும் அண்ணனும் காட்டும் நுணுக்கம் எங்களுக்கு வாய்ப்பதில்லை. ‘நைசாக’, ‘தெரியாமல்’ என்ற இரண்டே சொற்களில் முக்கால்வாசி இடங்களைக் கடந்துவிடுவேன். இந்த வினை செயப்படுபொருளோடு வரும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். தியேட்டருக்குள் தின்பண்டத்தை ‘ஸ்னீக்’ செய்தார்கள் என்றால் போகிறவர் மறையவில்லை, முறுக்குதான் மறைகிறது. ‘முந்தானைக்குள் ஒளித்துக் கொண்டுபோனார்கள்’ என்று பொருளை முன்னால் வைத்தே சொல்ல வேண்டும்.

தலைமையாசிரியரின் சந்தேகத்துக்கு ‘உள்ளூர’ என்ற ஒரு சொல் போதும். ‘உள்ளூர ஒரு சந்தேகம்’. அங்கே ஊர்ந்து வருவது மனிதர் அன்று, சந்தேகமே அவர் அறியாமல் அவர் மனத்துக்குள் வருகிறது. பிடிக்காத ஒருவர்மேல் வெளியே சொல்லிக்கொள்ள முடியாமல் ஏற்படுகிற மதிப்புக்கும் ஆங்கிலத்தில் இதே அடைமொழி உண்டு. அங்கும் ‘உள்ளூர’ கைகொடுக்கும். ஊர்தலைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்த பிறகுதான், இவ்வளவு காலமாக நான் பழக்கத்தில் எழுதிவந்த அந்தச் சொல்லின் ஒலியிலும் ‘ஊர்’ இருப்பது கண்ணில் பட்டது. (இலக்கணப்படி அதற்கும் இதற்கும் உறவு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை, அடிக்க வராதீர்கள்.)

நம் திரைப்படக்காரர்கள் படம் வெளியாகும் முன் இரண்டு நிமிடக் காட்சியை ‘ஸ்னீக் பீக்’ என்று யூடியூபில் ஏற்றுகிறார்கள். நாள், மணி எல்லாம் அறிவித்து, சுவரொட்டி அடித்து, ஊரறிய வெளியிடுகிற ஒன்றுக்கு ‘ஒளிந்து எட்டிப் பார்த்தல்’ என்று பெயர். அதிலும் பலர் ஆங்கிலத்தில் எட்டிப் பார்த்தலுக்குரிய எழுத்தை விட்டுச் சிகரத்துக்குரிய எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள்; ஒத்தக்கடையிலிருந்து யானைமலை உச்சியை ஒளிந்து பார்ப்பதுபோல ஆகிவிடுகிறது.

தெற்குமாசி வீதி

திருட்டா இல்லையா என்ற வழக்கில் செல்லூர் நண்பரின் பக்கம் சில சாட்சிகளை நிறுத்த விரும்புகிறேன். அவற்றுள் சில நம் ஊரைச் சேர்ந்தவை.

முதலில் ஆங்கிலத்திலேயே பாருங்கள். ‘ஸ்னீக்’ திருட்டில் பிறக்கவில்லை என்று மேலூர் ஐயா காட்டியது சரி; ஆனால் அதன் அக்கம்பக்கத்துச் சொற்கள் அங்கேதான் பிறந்தவை. ஓசைப்படாமல் இயங்குவதைக் குறிக்கும் ‘ஸ்டெல்த்’, ‘ஸ்டீல்’ என்ற திருடுதல் வினையோடு ஒட்டிப் பிறந்தது. தொடக்கத்தில் அதன் பொருளே திருட்டுத்தான். பொருள் தேய்ந்து தேய்ந்து, ரேடார் கண்ணுக்குச் சிக்காத போர் விமானத்தை அமெரிக்க அரசு 1988-இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட காலத்தில், அந்த விமான வகைக்கே அது பெயராகிவிட்டது. அங்கே திருடு என்ற எண்ணமே எவருக்கும் எழாது. அதுபோல, ஒருவர் சுற்றுமுற்றும் பார்த்து அஞ்சி அஞ்சிச் செய்வதைக் குறிக்கும் ‘ஃபர்ட்டிவ்’ என்ற அடைமொழி, திருடனைக் குறிக்கும் ‘ஃபூர்’ என்ற இலத்தீன் சொல்லின் வழியில் வந்தது. பெரும்பாலும் பார்வைக்கு அடைமொழியாக வரும் சொல் அது. ஆசிரியை கடிதத்தைப் பார்த்த பார்வைக்கு ஆங்கில எழுத்தாளர் அதையும் போட்டிருக்கலாம்.

இதே பார்வையைக் குறள் ‘கண்களவு கொள்ளும் சிறுநோக்கம்’ என்கிறது. குறிப்பறிதல் அதிகாரத்தில் 1092-ஆம் குறள். தலைவன் பாராதபோது தலைவி அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு மீளும் பார்வை அது. எந்தப் பொருளும் களவு போகவில்லை, ஆனால் ‘களவு’ என்ற சொல்லைத் தவிர வேறு எதுவும் அந்த இடத்தில் நிற்காது. அகத்திணையில் திருமணத்துக்கு முந்திய மறைவான காதல் முழுவதற்குமே களவு என்றுதான் பெயர். தொல்காப்பியத்தில் களவியல் என்று ஓர் இயலே இருக்கிறது. ஊராரின் கண்ணையும் தாயின் காவலையும் தவிர அங்கே தப்புவதற்கு வேறொன்றும் இல்லை. அழகர்மலைப் பெருமாளைக் ‘கள்ளழகர்’ என்று மதுரை கூப்பிடும்போது அதில் குற்றச்சாட்டு தொனிப்பதாக யாருக்காவது பட்டிருக்கிறதா? ஆனால் ‘கள்ளநோட்டு’, ‘கள்ளச்சாராயம்’ என்னும்போது தொனி முற்றிலும் மாறிவிடுகிறது. ஆகவே ‘கள்ள’ என்ற அடைமொழியைச் சிறுவர் கதையில் சிரிப்புக்கும் பார்வைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். மற்ற இடங்களில் அது கனத்துவிடும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடியில் மதுரையின் பகலையும் இரவையும் காட்டுகிறது. நள்ளிரவுப் பகுதியில் நகைமேல் ஆசைகொண்டு திரியும் திருடர்கள் வருகிறார்கள். அவர்களுடைய உடுப்பைப் புலவர் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்: இருட்டோடு இருட்டாகக் கலக்கும் நீலக் கச்சு, இடுப்பில் சுற்றிய மெல்லிய நூலேணி, நிலத்தை அகழும் உளி, கல்லையும் மரத்தையும் துண்டாக்கும் கூர்வாள், காலில் ‘தொடுதோல்’ என்னும் செருப்பு. மேலூர் ஐயா ரப்பர் காலணியைப் பற்றி எழுதியபோது இந்தத் தொடுதோல்தான் எனக்கு நினைவில் வந்தது. அவர்களைப் புலவர் ‘கண்மாறு ஆடவர்’ என்கிறார். கண் இமைக்கும் நேரத்தில் மறைந்துவிடுகிற ஆண்கள். செல்லூர் நண்பர் கண்டுபிடித்த ‘பார்ப்பவரின் கண்’ அந்தப் பெயருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அதைவிடச் சுவையானது அடுத்து வருவது. ஊர்காவலர்கள் அந்தத் திருடர்களின் ‘ஒடுக்கம் ஒற்றி’, அதாவது அவர்கள் ஒடுங்கியிருக்கும் இடத்தை உளவறிந்து, யானையைப் பார்த்துக் காத்திருக்கும் புலியைப்போலத் தூங்காத கண்ணோடு திரிகிறார்கள். ஒளிந்து வருகிறவனைப் பிடிக்கக் காவலனும் ஒளிந்துதான் வர வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் இப்படி ஒடுங்கியிருப்பதற்கு ‘லர்க்’ என்று தனிச் சொல் உண்டு. ‘ஸ்னீக்’ நடக்கும், ‘லர்க்’ இருந்த இடத்தில் இருக்கும். பம்மலும் பதுங்கலும் வேறு என்று மேலே சொன்னாரே, அதே பிரிவு. உங்கள் கதையில் காவல்காரர் யாராவது வந்தால் அவருக்கு ‘ஒடுங்கி நின்றார்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

வைகை வடகரை

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு கதையைத் தொடக்கத்திலிருந்து திரும்ப எழுதினேன். பூனை இப்போது பம்மிப் பம்மி வருகிறது. ஆசிரியை கடிதத்தின்மேல் ‘ஒரு கள்ளப் பார்வையை ஓடவிட்டார்’. தலைமையாசிரியருக்கு உள்ளூரச் சந்தேகம். சமையலறைக்குள் பையன் திருட்டுத்தனமாகவே போகிறான். பென்சில்காரரிடம் திருட்டு ரயிலைச் சொல்லி வாதாடினேன், அவர் சிரித்துக்கொண்டே விட்டுக்கொடுத்தார். பையன்களின் கூக்குரலுக்கு ‘வத்தி வைக்கிறவன்’ என்பதைத்தான் முதலில் எழுதினேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தபோது கூவுவதற்கு அது நீளமாக இருந்தது, ‘கோள்மூட்டி! கோள்மூட்டி!’ என்பதில் தாளம் நிற்கிறது.

மற்றவையும் ஒருவாறு அமைந்துவிட்டன. ஒன்பதாவது இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில், ஊருக்குப் போய்த் தாயைப் பார்க்க வேண்டும் என்று அந்தச் சிறுவன் விடியற்காலையில் வாசலைக் கடக்கிறான். காவல்காரர் அவனைப் பார்த்துவிடுகிறார். பார்த்துவிட்டு, வேண்டுமென்றே முதுகைக் காட்டித் திரும்பி நின்று விளக்குத் திரியைச் சரிசெய்கிறார். பையனுக்கு அது தெரியாது. ஆசிரியர் அங்கேயும் ‘ஸ்னீக்ட்’ என்றே எழுதியிருக்கிறார். தெற்குமாசி வீதி ஐயா பரிந்துரைத்த ‘ஒடுங்கி நின்றார்’ இவருக்குப் பொருந்தாது. இவர் பிடிப்பதற்காக நிற்கவில்லை. கண்ணுக்குத் தப்புவதுதான் இந்தச் சொல்லின் உயிர் என்றால், கண் தானாகவே மூடிக்கொண்ட இடத்தில் ‘பம்மி’ என்று எழுதலாமா, அல்லது வெறுமனே ‘வெளியேறினான்’ என்று விட்டுவிடலாமா?

மேலூர் ஓய்வாசிரியர்

நடையை வைத்து முடிவு செய்யுங்கள் அம்மா. காவல்காரரின் மனத்தை வைத்து அன்று. பையனின் கால் எப்படி எழுந்து எப்படி விழுந்தது என்று அந்தப் பத்தியிலேயே எழுதியிருப்பார்கள்.

செல்லூர்த் தறிவீடு

சகோதரி, பூனையைப் பற்றி நான் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். படியோரத்தில் அந்த மீன் தவறிக் கிடக்கவில்லை. அலசி முடிக்கும் தறுவாயில் அம்மா இரண்டு அயிரையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு, திரும்பிப் பாராமல் உள்ளே போவார். தினமும் அப்படித்தான் செய்தார் என்பது கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும், பூனைக்குத் தெரியாது. அது கடைசி நாள்வரைக்கும் பம்மித்தான் வந்தது. ‘பம்மி’ என்றே எழுதுங்கள்.